அடிக்கு முன் எரிந்த விளக்கு

1998 ஜூன் 20, சனிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.15க்குக் குளத்துப் பக்கம் நடை. 6.05க்குப் பால் வாங்கி வந்தேன். 7.30க்கு மூன்று இட்லி, முந்தின நாள் காரக்குழம்பு. 8.30க்குக் கடை திறந்தேன். பஜனை மடத்து ஆம்ப்ளிஃபயர் ஒன்று, மைக் ஒயர் இரண்டு காத்திருந்தன. 11.20க்குள் மூன்றையும் முடித்தேன். 12.45க்குச் சாப்பாடு. இதெல்லாம் டைரியில் அன்றைய பக்கத்தின் மேல்பாதி. கீழ்ப்பாதியில் எழுதியிருப்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. முருகன் மலைக்குப் போவேன், கும்பிடுவேன், கிருத்திகைக்கு விரதம் இருப்பேன், அது வேறு. ஆவி, சேஷ்டை, ஆளில்லாத வீட்டில் சத்தம் என்று யாராவது ஆரம்பித்தால், "எர்த்து சரியா இருக்கான்னு பாருங்க" என்று சொல்கிற ஆள் நான். இருபத்தொரு வருடமாகத் திருத்தணியில், அரக்கோணம் சாலையில், ஆம்ப்ளிஃபயர் செய்தும் பழுது பார்த்தும் பிழைக்கிறேன். தானாகக் கத்திய ஒலிபெருக்கிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு தளர்ந்த இணைப்போ, உப்பிப்போன கண்டென்சரோ இருந்தது.

என் மனைவி சரோஜாவின் தம்பி தேவராஜ். எங்களுக்கு தேவா; அவனுக்கு நான் 'பாவா'. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கிற குடும்பம். நான்கு அண்ணன்தம்பிகளில் மூன்று பேர் தறியில் நிற்க, இவன் மட்டும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அரக்கோணத்து மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டான். முன்னணி கிட்டார். கோயில் திருவிழா, கல்யாணம், கல்லூரி விழா என்று வடக்கே சித்தூர் வரை போய் வாசித்தவன். அதற்கு முந்தின வருடம் ஏப்ரலில் பள்ளிப்பட்டு ரோட்டில் வண்டியோடு விழுந்தான். வலது மணிக்கட்டு. புத்தூரில் கட்டுப் போட்டு எலும்பு நன்றாகவே சேர்ந்துவிட்டது. ஆனால் நரம்பு அடிபட்டுவிட்டது, கையில் இனி இவ்வளவுதான் பலம் என்று வேலூரில் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. யாருக்கு ஆம்ப்ளிஃபயர் செய்தாலும், முதலில் அவரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்வேன். மெல்ல ஒரு தரம், ஓங்கி ஒரு தரம். கிட்டாரிலிருந்து வரும் மின்சாரத்தை மீட்டரில் பார்த்து எழுதிக்கொள்வேன். தையற்காரர் அளவெடுப்பது மாதிரி. தேவாவின் பழைய அளவு: மெல்ல மீட்டினால் இருபது மில்லி வோல்ட், ஓங்கி அடித்தால் முந்நூறு. விழுந்து எழுந்த பிறகு எடுத்த அளவு: மெல்ல இருபது, ஓங்கி எழுபது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாலும் எழுபதுக்கு மேல் ஏறவில்லை.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பீர்கள். அவன் வாசிப்பின் ருசியே அதில்தான் இருந்தது. மெல்ல மீட்டினால் தெளிவாக ஒலிக்கும். ஓங்கி அடித்தால் ஆம்ப்ளிஃபயர் தாங்க முடியாமல் திணறி, கரகரவென்று கத்தும். தெளிவும் கரகரப்பும் அவன் கையிலேயே இருந்தன. எழுபது மில்லி வோல்ட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் எங்கே திணறும்? வால்யூமைக் கூட்டினால் மெல்ல வாசிப்பதும் சேர்ந்து கரகரக்கும். கடையில் விற்கிற டிஸ்டார்ஷன் பொட்டியைப் போட்டால், மெல்லவோ பலமாகவோ, எப்படி வாசித்தாலும் ஒரே கரகரப்புதான்.

குழுவை நடத்துகிறவர் சாமுவேல் மாஸ்டர். நல்ல மனிதர். பதினான்கு மாதம் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், அந்தச் சனிக்கிழமை மாலை ஒத்திகைக்கு வந்து, அவர்கள் வழக்கமாக வாசிக்கும் ஒரு பாட்டின் நடுவே வரும் கிட்டார் பகுதியை முழுதாக வாசித்துக் காட்டச் சொன்னார். முடியாவிட்டால் மறுநாள் பெரம்பூரிலிருந்து வேறொருவர் வருவார். அந்தப் பகுதி கிசுகிசுப்பது போல ஆரம்பித்து, ஏறி ஏறி, மூன்று ஓங்கிய அடிகளில் முடியும். அந்த மூன்று அடிக்குத்தான் ஜனம் கைதட்டும்.

தேவா என்னிடம் வந்து சொன்னது ஒரே வரி. "பாவா, கை மாறாது. பொட்டிய மாத்துங்க."

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைக்க ஒரு புதுப் பொட்டி செய்ய மூன்று வாரம் உட்கார்ந்தேன். யோசனை எளிமையானது. ஒலி அலையின் தலையை வெட்டினால் கரகரப்பு வரும். எந்த உயரத்தில் வெட்டுவது என்பதை அவன் அடிக்கிற அடியே தீர்மானிக்க வேண்டும். ஆகவே, வருகிற அடியை எடை போட ஒரு பகுதி வைத்தேன். அடி எவ்வளவு பலமோ, அவ்வளவு பிரகாசமாக அது ஒரு சின்ன விளக்கை எரிக்கும். விளக்குக்கு எதிரே, வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் ஒரு வில்லை. இரண்டையும் வேறு வெளிச்சம் புகாத கறுப்புக் குழாயில் அடைத்தேன். வெளிச்சம் ஏற ஏற, அலை வெட்டப்படும் உயரம் இறங்கும், கரகரப்பு ஏறும். உள்ளே நடப்பது தெரிவதற்காக, அதே விளக்கோடு சேர்ந்து எரியும் இன்னொரு சிவப்பு விளக்கைப் பொட்டியின் மேலே வைத்தேன். இருபதிலிருந்து எழுபது வரை உள்ள அவன் கையின் எல்லையை, பழைய முந்நூறு வரை இழுத்து விரித்துக் கொடுத்தேன்.

எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. எடை போடும் பகுதிக்கு, ஒரு அடி வந்த பிறகுதான் வந்ததே தெரியும். அதை அவசரப்படுத்தினால், கம்பியின் ஒவ்வொரு அதிர்வுக்கும் விளக்கு துடித்து, ஒலி தகரம் போல நடுங்குகிறது. நிதானப்படுத்தினால், அடி கடந்து போன பிறகு கரகரப்பு வருகிறது. கண்டென்சரை மாற்றி மாற்றிப் போட்டேன். பத்தொன்பது அளவுகள், தேதியோடு டைரியில் இருக்கின்றன. நடுங்காமலும் பிந்தாமலும் ஒன்றுகூட அமையவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, உள்ளதில் நல்லதாக ஒன்றை வைத்து ஈயத்தால் பற்றவைத்து மூடியைத் திருகினேன்.

சனிக்கிழமை பிற்பகல் 2.10க்கு தேவா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினான். அந்த வாரம் முழுக்க இரண்டிலிருந்து நாலு வரை கரண்ட் கிடையாது. பொட்டி பேட்டரியில் ஓடும். கேட்டுப் பார்க்க, பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று வைத்திருந்தேன். கடைக்குப் பின்னாலேயே வீடு; சரோஜா மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணனுங்க இன்னா சொல்றாங்கடா?" என்றாள்.

"இன்னா சொல்வாங்க? நாலாவது தறி சும்மா நிக்குதாம். எனக்காகத் தொடச்சி வெச்சிகினு உக்காந்துகினுகீறாங்க."

"தறி இன்னா கேவலமா?"

"நான் கேவலம்னு சொன்னனா அக்கா? அதுக்கு மெல்ல வாசிக்கத் தெரியாது. அவ்ளோதான்."

கிட்டாரை எடுத்துச் செருகி வாசித்தான். மெல்ல மீட்டினால் தெளிவு இருந்தது. ஓங்கி அடித்தால் கரகரப்பும் இருந்தது. ஆனால் ஒரு அரைத் தும்மல் அளவுக்குப் பிந்தி வந்தது.

"லேட்டா வருது பாவா. நான் அடிச்சி முடிச்சி எழுந்து போனப்பறம் அது கத்துது."

"தெரியும்டா. அது அப்படித்தான் இருக்கும். அடி வந்தப்புறம்தான் அதுக்குத் தெரியும்."

"அதுக்கு முன்னாடியே சொல்லி வெக்க முடியாதா?" என்று சிரித்தான்.

மறுபடி ஆரம்பித்தான். நேரம் 2.35. நான் காதை மட்டும் கொடுத்திருந்தேன். மூன்றாவது சுற்றிலிருந்து ஒலி சரியாக வந்தது. பிந்தவில்லை. அடியும் கரகரப்பும் ஒன்றாக, பழைய தேவா மாதிரி. நான்கூட ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதற்கப்புறம்தான் விளக்கைக் கவனித்தேன். விளக்கு எரிந்த பிறகு ஒலி வந்தது.

கண்ணின் தவறு என்று நினைத்தேன். அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, விளக்கை மட்டும் பார்த்து, "உனக்குத் தோணும்போது அடி" என்றேன். விளக்கு ஏறும், பிறகு அடி கேட்கும். ஒரு தரம் அல்ல, ஒவ்வொரு தரமும் அப்படித்தான். மெல்ல மீட்டப் போகிறான் என்றால் லேசாக ஏறும். ஓங்கப் போகிறான் என்றால் முழுசாக எரியும்.

எனக்கு வியர்த்தது உண்மை. ஆனாலும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். கை கம்பியை நெருங்கும்போதே ஏதாவது இரைச்சல் ஏறலாம். ஆகவே ஒயரைக் கிட்டாரிலிருந்து பிடுங்கினேன். தேவா ஒயரில்லாத கிட்டாரில் வாசித்தான். விளக்கு அவன் கையோடு, இல்லை, கைக்கு முன்னால் எரிந்தது. ஒயரே ஏதாவது வாங்கலாம் என்று அதையும் பொட்டியிலிருந்து எடுத்து, நுழைவுப் புள்ளிகள் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துக் கட்டினேன். இனி உள்ளே எதுவும் போக வழியில்லை. விளக்கு எரிந்தது. மலை மேல் ஜெனரேட்டரில் ஓடும் ஒலிபெருக்கியின் வேலையாக இருக்கலாம் என்று, பொட்டியைத் தகர பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, விளக்கு மட்டும் தெரியும்படி ஒரு துளை போட்டு மூடினேன். எரிந்தது. பேட்டரியைக் கழற்றினேன். அணைந்தது. அதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். மாட்டினேன். எரிந்தது.

அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிருந்த சரோஜா, "ஏங்க, அது இன்னாத்துக்கு எரியுதுன்னு உங்களுக்கே தெரியலயா?" என்றாள்.

"தெரியல."

"இருபது வருசத்துல இன்னிக்கிதான் இந்த வார்த்தைய உங்க வாய்லேர்ந்து கேக்கறேன்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் பொட்டியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றாள்.

கடைசியாக ஒன்று பார்த்தேன். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, தேவாவை ரோட்டைக் கடந்து எதிர் டீக்கடையின் ஓரமாக, எனக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். "அந்தப் பகுதிய மனசுல மட்டும் வாசி. பலமா அடிக்கணும்னு வர்ற இடத்துல வலது காலைத் தட்டு." அவன் போய் நின்றான். வெயில். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் எங்களுக்கு நடுவே நடந்து போனது. நான் டின்னில் கண்ணும், அவன் செருப்பில் கண்ணுமாக இருந்தேன். விளக்கு ஏறியது, செருப்பு தட்டியது. விளக்கு ஏறியது, செருப்பு தட்டியது. கடைசி மூன்று இடத்திலும் விளக்கு எரிந்த அளவுக்கு நான் அதை அதற்கு முன் பார்த்ததில்லை. எழுபது மில்லி வோல்ட்டின் வெளிச்சம் அல்ல அது, முந்நூறின் வெளிச்சம். அந்தக் கை முந்நூறு அடித்த காலத்தில் இந்தப் பொட்டியே கிடையாது.

திரும்பி வந்தவனிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பயப்படுவான் என்று நினைத்தேன். அவனுக்குக் கோபம்தான் வந்தது.

"அப்போ என் கைல இல்லாதது அதுக்குத் தெரிஞ்சிகீதா?"

"தெரியலடா. மூடியைத் திறந்து பாக்கறேன். ஒவ்வொரு இணைப்பா சோதிக்கணும். எங்கியோ தப்பு இருக்கு."

அவன் பொட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டான். "வாணாம் பாவா."

"தப்பா வேலை செய்யறதை மேடைக்கு அனுப்ப மாட்டேன்."

"தப்பா வேல செய்யல. மொத மொத இன்னிக்கிதான் ஒழுங்கா செய்யிது. நாலு மணிக்கு நீங்க அதத் தொறந்தீங்கன்னா, ஆறு மணிக்கு எம் பொழப்பு முடிஞ்சிடும். நாளைக்கி இன்னா வேணா பண்ணுங்க. ஒடச்சிகூட போடுங்க. இன்னிக்கி ஒரு வாட்டி."

காரணம் தெரியாத ஒரு பொருளை நான் கடையை விட்டு வெளியே விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். மனைவியின் தம்பி என்பதால் அல்ல. டீக்கடையில் வெயிலில் நின்று, இல்லாத கிட்டாரில் அவன் வாசித்து முடித்தபோது அவன் தோள் இறங்கிய விதம், நிஜமாகவே ஓங்கி அடித்தவனின் தோள் மாதிரி இருந்தது.

4.10 பஸ். 4.50க்கு அரக்கோணம். ஒத்திகை, ஒரு தையல் கடையின் மாடியில். இரண்டு குழல் விளக்கு, ஒரு மின்விசிறி, பத்து நாற்காலி. மூலையில் நான் 1995இல் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயர் நின்றது. சாமுவேல் மாஸ்டர் கீபோர்டின் பின்னால் இருந்தார். தபலா, டிரம்ஸ், பேஸ் கிட்டார் ஆட்களும் வந்திருந்தார்கள்.

"கை எப்டிகீது தேவா?" என்றார் மாஸ்டர்.

"கை அப்டியேதான் கீது மாஸ்டர். பாவா ஒரு பொட்டி பண்ணிகீறாரு."

"பொட்டி பாட்டு வாசிக்குமாடா?" என்று டிரம்ஸ்காரர் கேட்க எல்லோரும் சிரித்தார்கள். தேவாவும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

பொட்டியை அவன் காலடியில் வைத்து, ஒயர்களைச் செருகிவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். டைரி மடியில். 5.38க்கு மாஸ்டர் தலையசைத்தார்.

மெல்லத்தான் தொடங்கினான். மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே கேட்டும் கேட்காமலும் ஒரு தெளிவு. விளக்கு மினுக்கென்று முன்னால் போய்க்கொண்டே இருந்தது, ஒலி அதன் பின்னால் வந்தது. ஏறினான். கரகரப்பு விளிம்பில் எட்டிப் பார்த்தது, மறைந்தது, மறுபடி வந்தது. பேஸ்காரர் தன் கிட்டாரைப் பார்ப்பதை விட்டுவிட்டு தேவாவைப் பார்த்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிச் சுற்று வந்தது. நான் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் கையைப் பார்க்கவில்லை. இந்த ஒன்றுக்காக நான் இன்றுவரை என்னை நொந்துகொள்கிறேன்.

விளக்கு மூன்று முறை முழுசாக எரிந்தது. மூன்று அடிகள் கேட்டன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாவது அடி, நீண்டு கரையாமல், கத்தியால் வெட்டியது போலப் பட்டென்று நின்றது.

 டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "அடேங்கப்பா" என்றார்.

"கடைசி அடிய பட்டுனு நிறுத்தினியே," என்றார் மாஸ்டர், "அது நீ முந்தி பண்ணமாட்ட. நல்லாகீது. அப்டியே வெச்சிக்கோ. பெரம்பூர்காரருக்கு நான் போன் பண்ணிடறேன், வரவாணாம்னு. அடுத்த ஞாயித்துக்கெழம கச்சேரிக்கு வண்டி மூணு மணிக்கு கெளம்பும்."

தேவா "சரிங்க மாஸ்டர்" என்றான். அவ்வளவுதான். அவன் முகத்தைப் பார்த்தேன். இடம் கிடைத்தவனின் முகமாக இல்லை. கிட்டாரை அவசரமாக உறையில் தள்ளி ஜிப்பை இழுத்தான். டீ வாங்கப் போனவருக்காகக்கூடக் காத்திருக்கவில்லை. படியிறங்கிவிட்டான். நான் ஒயரைச் சுருட்டி, பொட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பஸ் நிலையத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. 6.15.

"கடைசி மூணு அடி நான் அடிக்கல பாவா."

"டேய், நான் கேட்டேன்டா."

"நானுந்தான் கேட்டேன்." வலது கையை நீட்டி, இடது கையால் அதற்குக் கீழே நான்கு விரல் அளவு காட்டினான். "கம்பிக்கு இவ்ளோ மேல நின்னுடுச்சி. மரத்துப்போன மாதிரி. அடி அடின்னு மனசுல கத்தினேன், கை எறங்கல. ஆனா சத்தம் வருது. ஒன்னு, ரெண்டு, மூணு. எல்லாரும் என்னியே பாக்கறாங்க. நான் இன்னா பண்ணுவேன்? நானே அடிச்ச மாதிரி நின்னேன்."

உறையின் ஜிப்பைப் பாதி இறக்கிக் காட்டினான். கிட்டாரின் மூன்றாவது கம்பி அறுந்து சுருண்டிருந்தது. மூன்றாவது அடி பட்டென்று நின்றதற்கு அதுதான் காரணம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் செய்த பொட்டி ஒலியை மாற்றும், ஒலியை உண்டாக்காது. கம்பி அதிராமல் அதிலிருந்து எதுவும் வர வழியில்லை. விளக்கு தப்பாக எரியலாம், பத்துக் காரணம் சொல்லலாம். மூன்று அடிகளின் சத்தம் வந்தது என்றால், ஒரு கம்பியை எதுவோ மூன்று முறை அடித்தது. பழைய நாளில் தேவா மாதம் ஒரு தரமாவது அந்தக் கம்பியை அறுப்பான். பதினான்கு மாதமாக ஒன்றுகூட அறுந்ததில்லை.

"நீயே அடிச்சிருப்பே," என்றேன். "உனக்கே தெரியாம கை எறங்கியிருக்கும். சில சமயம் ஆகும்."

யோசித்தான். 6.40 பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தோம். பஸ் அரக்கோணத்தைத் தாண்டியது. பிறகு சொன்னான்.

"நான்தான் அடிச்சேன்னா, இந்தக் கைல அந்த பலம் கீதுன்னு அர்த்தம். இல்ல?"

"ஆமாம்."

"நான் அடிக்கலன்னா, அந்த எடம் என்னுது இல்ல. வேற யாரோ வாங்கிக் குடுத்தது."

"உன் இடம்தான்டா. மாஸ்டர் சொல்லிட்டாரு."

"மாஸ்டர் கேட்டத வெச்சி சொன்னாரு. அவரு இன்னா கண்டாரு? காலைல பாத்துடலாம் பாவா. பொட்டி இல்லாம."

7.25க்கு வீடு. கை கால் கழுவுவதற்கு முன் பொட்டியைக் கடை மேஜையில் வைத்து, கிட்டாரின் மற்றக் கம்பிகளில் அவனை வாசிக்கச் சொல்லிப் பார்த்தேன். பிந்தியது. பிற்பகல் 2.35க்கு முன்னால் எவ்வளவு பிந்தியதோ அவ்வளவு. அடி, அப்புறம் விளக்கு. மூடியைத் திறந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். நான் பற்றவைத்தது எதுவும் அசையவில்லை. அதற்குப் பிறகு அதே அளவுகளில் இன்றுவரை ஏழு பொட்டிகள் செய்து கொடுத்திருக்கிறேன். ஏழும் பிந்தித்தான் வருகின்றன. வாங்கியவர்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள்.

அறுந்த கம்பி மட்டும் ஒரு உறையில், டைரியின் அந்தப் பக்கத்தோடு இருக்கிறது. சில நாட்களில் எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். கம்பியில் மூன்று இடத்தில் தட்டையான தழும்பு விழுந்திருக்கிறது, பக்கத்துப் பக்கத்தில், நகத்தின் அகலத்துக்குள். மூன்றாவது தழும்பில்தான் அறுந்திருக்கிறது. தேவா வாசிப்பது பிளாஸ்டிக் துண்டால். பிளாஸ்டிக் அடித்தால் எஃகுக் கம்பியில் தழும்பு விழாது. நானே ஒரு புதுக் கம்பியைக் கட்டி, நூறு தரம் அடித்துப் பார்த்தேன். விழவில்லை.  இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

சாப்பிடும்போது சரோஜாவிடம் நடந்ததைச் சொன்னோம். அவள் தம்பியின் வலது கையைத் தன் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விடிஞ்சதும் மலைக்கு ஏறிட்டு வந்துடுடா" என்றாள்.

"மொதல்ல கம்பி, அப்பால மல" என்றான் தேவா.

21, ஞாயிற்றுக்கிழமை. 4.50க்கு எழுந்தேன். நடை போகவில்லை. தேவா எனக்கு முன்பே எழுந்து, பல்கூட விளக்காமல், கடையில் உட்கார்ந்திருந்தான். பொட்டியை அவனே எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தான். 5.10க்கு மூன்றாவது கம்பியைப் புதிதாகப் போட்டோம். சுருதி சேர்த்தான். கிட்டாரிலிருந்து ஒயரை நேராக மீட்டரில் கொடுத்தேன். நடுவில் எதுவும் இல்லை. இந்தத் தடவை மீட்டரையும் அவன் கையையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

கையை ஓங்கினான். அடித்தான். கை இறங்கியதை நான் பார்த்தேன்.

"எவ்ளோ பாவா?"

"எழுபத்தொன்னு."

மணிக்கட்டை இரண்டு தரம் உதறிக்கொண்டான். "எழுதிக்குங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி கையை ஓங்கினான்.